ஒரு தளபதியும் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஏப்ரல் மாதம் என் பேத்தி பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்து, "அம்மப்பா, பீர்ஷெபா பற்றி எழுதவேணும், உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். அன்சாக் தினத்தை ஒட்டி ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்த வேலை அது. எனக்குத் தெரிந்த பீர்ஷெபா பைபிளில் வரும் ஊர்தான். ஆபிரகாம் கிணறு தோண்டிய இடம் என்று கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். இருவருமாக நூலகத்துக்குப் போனோம். அவள் தன் வேலையை ஒரு கிழமையில் முடித்துக் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் முடிக்கவில்லை!

அந்தத் தேடலில் அறிமுகமானவர்தான் ஜெனரல் சேர் ஹரி சோவல். மெல்பேர்ணில் மொனாஷ் என்ற பெயரைத் தெரியாத தமிழன் இல்லை. பிள்ளையை மொனாஷ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது எங்கள் சனத்தின் பெருங்கனவு, மொனாஷ் நெடுஞ்சாலையில் காலைநேர வாகன நெரிசலில் நிற்பது அன்றாட விதி. ஆனால் 1929ல் அந்த மொனாஷோடு சேர்த்து அவுஸ்திரேலியாவின் முதலாவது முழு ஜெனரலாக உயர்த்தப்பட்ட மற்றவரைப் பற்றிக் கேட்டால் பலர் கையை விரிப்பார்கள்.

புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, ஆமிக்காரன்ர கதையை ஏன் விழுந்து விழுந்து வாசிக்கிறியள்? ஊரில பார்த்தது காணாதோ?"

நியாயமான கேள்வி. சப்பாத்துச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே படுத்தவர்கள் நாங்கள். சீருடை போட்டவனைப் பார்த்து மரியாதை வரும் என்று எவராவது சொன்னால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரி சோவல் 1865 ஏப்ரல் 16ம் திகதி நியூ சவுத் வேல்ஸின் வடக்கே தபுலம் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனுக்கு மாட்டுப்பண்ணை. நடக்கப் பழகும்போதே குதிரையேறப் பழகிய பரம்பரை. தகப்பன் உள்ளூரில் திரட்டிய குதிரைப்படையில் 1886ல் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். பிறகு குடும்பம் குயின்ஸ்லாந்துக்குப் போனது.

1891ல் அங்கே ஆட்டுமயிர் வெட்டும் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுத்தத்தை உடைக்க வந்த கூலியாட்களுக்குக் காவலாகப் போன குதிரைவீரர்களில் சோவலும் ஒருவர். ஒரு இராணுவ வாழ்க்கை எங்கே தொடங்குகிறது பாருங்கள். எதிரி நாட்டவனோடு அல்ல, சொந்த நாட்டுத் தொழிலாளியோடு! 1896ல் நிரந்தரப் படையில் சேர்ந்தார். 1899ல் தென்னாபிரிக்கப் போருக்குப் போனார்.

1906 யூன் 16ம் திகதி பிரிஸ்பேர்ணில் சிபில் ஜொப் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். மாப்பிள்ளைக்கு வயது 41. எங்கள் ஊரில் என்றால் தரகர் பார்த்துச் சலித்து விட்டிருப்பார். இரண்டு ஆண், இரண்டு பெண் என நான்கு பிள்ளைகள்.

1914ல் லண்டனில் அவுஸ்திரேலியாவின் இராணுவப் பிரதிநிதியாகப் பதவி கிடைத்துக் குடும்பத்தோடு கப்பலேறினார். கப்பல் கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. லண்டனில் அவர் செய்த முதல் முக்கியமான வேலை சண்டை அல்ல. அவுஸ்திரேலியப் படைகள் தங்கப்போகும் சாலிஸ்பரி சமவெளி முகாம்களைப் போய்ப் பார்த்தார். மாரிக்கு முன் அவை தயாராகாது என்று கண்டு, படைகளை எகிப்தில் இறக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தக் குளிரிலும் சேற்றிலும் எத்தனை பேர் நோயில் விழுந்திருப்பார்கள்! ஆனால் எகிப்தில் இறக்கியதனால்தான் அவர்கள் கலிப்போலிக்குப் போகவும் நேர்ந்தது. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரால் சொல்லமுடியும்?

1915 மே மாதம் சோவல் தன் குதிரைப்படைப் பிரிவோடு, குதிரைகள் இல்லாமல், கலிப்போலியில் இறங்கினார். அடுத்த வருடம் சினாய் பாலைவனம். 1916 ஓகஸ்டில் ரொமானி என்ற இடத்தில் துருக்கியரின் தாக்குதலை முறியடித்தது பெரும்பாலும் அவருடைய படைதான். ஆனால் ஆங்கிலேயத் தளபதி மரேயின் அறிக்கையில் அவுஸ்திரேலியருக்கும் நியூசிலாந்தருக்கும் உரிய இடம் கொடுக்கப்படவில்லை. சோவல் இதைப்பற்றிப் பத்திரிகையில் சத்தம் போடவில்லை. மேலிடத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. தன் மனக்குறையை மனைவிக்குக் கடிதமாக எழுதினார்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நான் 1989ல் தனியாக இந்த நாட்டுக்கு வந்தேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து, இங்கே வந்து சேர 1993 ஆகிவிட்டது. அந்த நாலு வருடமும் கடிதம்தான். கொழும்பிலுள்ள உறவினருக்குப் போட்டு, அங்கிருந்து யாராவது யாழ்ப்பாணம் போகிறவர் கையில் கொடுத்து, இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சேரும். இரவு வேலையில் மேற்பார்வையாளர் திட்டியதை, குளிரில் கை விறைத்ததை, அறையில் கூட இருந்தவர்களுக்குச் சொல்லாததை எல்லாம் அவளுக்குத்தான் எழுதினேன். ஆயிரக்கணக்கான வீரர்களுக்குக் கட்டளையிட்ட ஒருவருக்கும் மனம்விட்டுச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்திருக்கிறார். அந்த உணர்வு எனக்குப் புரிந்தது.

1917 ஓகஸ்டில் பாலைவனக் குதிரைப்படை அணி முழுவதும் சோவலின் கையில் வந்தது. ஒரு கோர் அளவிலான படைக்குத் தளபதியான முதல் அவுஸ்திரேலியர் அவர்தான். அக்டோபர் 31ம் திகதி பீர்ஷெபா. காலையிலிருந்து சண்டை, பொழுது சாயப்போகிறது, ஊர் விழவில்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஊருக்குள் இருக்கும் கிணறுகளில்தான் உண்டு. விக்டோரியாவின் 4வது ரெஜிமென்டும் நியூ சவுத் வேல்ஸின் 12வது ரெஜிமென்டுமாக ஏறக்குறைய 800 பேரை, வெட்டவெளியில் குதிரையில் பாயவிட்டார் சோவல். அவர்களிடம் வாள்கூட இல்லை, துப்பாக்கிச் சனியனைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். 31 பேர் இறந்தார்கள், 36 பேர் காயம். 700க்கு மேற்பட்டவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். கிணறுகளில் பெரும்பாலானவை சேதமில்லாமல் கிடைத்தன.

1940ல் சோவலின் மருமகன் முறையான சார்ள்ஸ் சோவல் இதைத் திரைப்படமாக்கி நாடு முழுக்கப் புகழ் பரப்பினார்.

எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அதிகம் வராத இன்னொரு விசயம் இருக்கிறது. 1918ல் சோவலின் அணியிலிருந்த 4வது, 5வது குதிரைப்படை டிவிசன்களில் பெரும்பான்மை இந்தியக் குதிரைவீரர்கள். செப்டெம்பர் 23ம் திகதி ஹைபா நகரைப் பிடித்தவர்கள் ஜோத்பூர், மைசூர் லான்சர்கள். மைசூர் வீரர்கள் ஒரு மெல்பேர்ண்காரரின் படையில் நின்று பாலஸ்தீனத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள்! டில்லியில் தீன்மூர்த்தி என்று மூன்று சிலைகள் நிற்பது இவர்களின் நினைவாகத்தான். அவர்கள் ஏறிய குதிரைகளிலும் அவுஸ்திரேலியாவின் வேலர் இனம் கலந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் கப்பலாக இந்தக் குதிரைகள் ஏற்றுமதியாகின. மனிதர்கள் இங்கு வருவதற்கு முன்பே, இங்கிருந்து குதிரைகள் எங்கள் பக்கம் போய்விட்டன.

ஒக்ரோபர் 1ம் திகதி டமாஸ்கஸ் விழுந்தது. லோரன்ஸ் தன் புத்தகத்தில் எழுதிய டமாஸ்கஸ் கதையைச் சோவல் ஏற்கவில்லை. தன் தரப்பை எழுதி அவுஸ்திரேலியப் போர் நினைவகத்துக்குக் கொடுத்தார். உலகம் லோரன்ஸின் கதையைத்தான் கேட்டது. அழகாக எழுதுகிறவனுக்குச் சாட்சி சொல்ல ஆள் தேவையில்லை.

இனி நான் எழுதாமல் விட்டால் நேர்மையில்லாத ஒன்று.

போர் முடிந்தபின் 1918 டிசம்பர் 10ம் திகதி இரவு, பாலஸ்தீனத்தில் சுரபெண்ட் என்ற கிராமம். அதற்கு முதல்நாள் இரவு ஒரு நியூசிலாந்து வீரரை ஒரு திருடன் சுட்டுக் கொன்றுவிட்டான். கால்தடம் கிராமத்தை நோக்கிப் போனதாகச் சொன்னார்கள். சோவல் முன்பு தலைமை தாங்கிய அன்சாக் குதிரைப்படை டிவிசனைச் சேர்ந்தவர்கள், நியூசிலாந்தரும் அவுஸ்திரேலியருமாகக் கிராமத்தைச் சுற்றிவளைத்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே விட்டுவிட்டு, ஆண்களை அடித்தும் குத்தியும் கொன்றார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். கொல்லப்பட்டவர்கள் நாற்பது பேர் வரை என்பது ஒரு கணக்கு, இன்னும் அதிகம் என்பாரும் உண்டு. பிரதம தளபதி அலன்பி அந்த டிவிசனை அணிவகுத்து நிற்கவைத்துக் கடுமையாக ஏசினார். ஆனால் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சோவல் அங்கே இல்லை. அப்போது அந்த டிவிசன் அவரின் நேரடிக் கட்டளையிலும் இல்லை. ஆனாலும் சுற்றிவளைப்பு என்ற சொல்லை வாசித்ததும் என் உடம்பு கூசியது. ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் பிரிப்பது எங்களுக்குத் தெரியாத காட்சியா? பீர்ஷெபாவில் பாய்ந்த வீரனும் சுரபெண்டில் கொளுத்தியவனும் ஒரே படை, ஒரே தொப்பி. வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற கை வேறு எதுவும் செய்யாது என்று நம்பிவிடக்கூடாது. எங்கள் ஊரில் நின்ற ஆமிக்காரனும் மாத்தறைக்கோ குருநாகலுக்கோ கடிதம் எழுதியிருப்பான்தான். பேத்தியின் கொப்பியில் சுரபெண்ட் பற்றியும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். எழுதினாள். ஆசிரியர் சரி போட்டிருந்தார். அந்த ஒரு விசயத்தில் இந்த நாட்டைப் பாராட்டவேண்டும்.

1919ல் நாடு திரும்பிய சோவல், இராணுவப் பரிசோதகர் நாயகமாகவும், 1923 முதல் இராணுவப் பிரதானியாகவும் 1930வரை இருந்தார். இனிப் போரே வராது என்று அரசுகள் படைச்செலவை வெட்டிய காலம் அது. ஆயுதம் போதாது, பயிற்சி போதாது என்று அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். கேட்பார் இல்லை. அவருடைய இரண்டு மகன்களும் அவுஸ்திரேலிய இராணுவத்தை விட்டு 1930லும் 1932லும் இந்திய இராணுவத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்றால் நிலைமையை நீங்களே ஊகிக்கலாம்.

1942 பெப்ரவரி 15ம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் சோவலின் மகள் எலினின் கணவர் ரொம் மிச்சலும் ஒருவர். அதே சிங்கப்பூரின் வீழ்ச்சியோடுதான் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு மலாயாவிலிருந்து வந்த மணியோடர்களும் நின்றுபோயின. எங்கள் பாட்டிமார் தபால்காரனைப் பார்த்துக் காத்திருந்த அதே மாதங்களில், விக்டோரியாவின் மலைப் பண்ணை ஒன்றில் ஒரு தளபதியின் மகளும் சாங்கி சிறையிலிருந்து செய்தி வருமா என்று காத்திருந்தார். பண்ணையையும் அவரே நடத்தினார். பின்னாளில் 'சில்வர் பிரம்பி' என்ற குதிரைக் கதையை 1958ல் எழுதிப் புகழ்பெற்ற எலின் மிச்சல் அவர்தான். இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் பலர் அந்தப் புத்தகத்தை வாசித்திருப்பார்கள்.

1940ல், 75 வயதில், ஓய்விலிருந்த சோவலை மீண்டும் அழைத்தார்கள். வயதானவர்களும் பழைய வீரர்களும் சேர்ந்த தொண்டர் பாதுகாப்புப் படைக்குத் தலைமைப் பரிசோதகர் பதவி. நாடெங்கும் பயணம் செய்து அந்த வேலையைச் செய்தார். 1945 மார்ச் 4ம் திகதி மெல்பேர்ணில் காலமானார். போர் முடிய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. இறுதிச் சடங்கு நகரின் நடுவிலுள்ள சென் போல்ஸ் பேராலயத்தில் அரச மரியாதையோடு நடந்தது. அவருடைய வாள் சவுத் யாராவிலுள்ள கிறைஸ்ற் சேர்ச்சில் இருக்கிறது. சிபிலோடு அவர் வாழ்ந்த மண வாழ்க்கை 38 வருடமும் எட்டு மாதங்களும். சிபிலுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரமாகக் காக்கப்பட்டன. வரலாற்றாசிரியர்கள் அவரின் மனதை அறிய இன்று நாடுவது அவற்றைத்தான். வாள் தேவாலயத்தில் சும்மா கிடக்கிறது, கடிதங்கள்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். பழைய பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். உள்ளே நீல நிற வான்கடிதங்கள், 1989 முதல் 1993 வரை. கிளாலிக் கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு வந்தபோது அவற்றையும் கொண்டுவந்திருக்கிறாள். முப்பது வருடமாக எனக்குத் தெரியாது.

"பேத்தி வளர்ந்தாப்பிறகு குடுப்பம்" என்றாள்.