ஃப்ளாஷ் புத்தகமும் தேய்மானக் கணக்கும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. கணினித் துறை ஆள் எழுத வேண்டியதை, பி.காம் படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்க்கும் நான் எழுதுகிறேன். பொட்டி தட்டும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும் :-)

2000களின் தொடக்கத்தில் மும்பையில் இருந்த நம் வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. "பையன் ஃப்ளாஷ் கத்துக்கறானாம், எந்த புக் வாங்கித் தரலாம்?" மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே நாலு தமிழ்க் குடும்பம் கூடினாலும் இந்தப் பேச்சு வரும். பொறியியல் சீட்டு கிடைக்காத பிள்ளைகளுக்கு வெப் டிசைன் ஒரு வாசலாகத் தெரிந்த காலம். அந்த ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துபோனது. செத்த மென்பொருளுக்கு வாங்கிய புத்தகத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்கலாம். எந்தப் புத்தகம் பிழைத்தது, எது பழைய பேப்பர் கடைக்குப் போனது என்பதை இப்போதுதானே சரியாகக் கணக்குப் பார்க்க முடியும்?

முதலில் கொஞ்சம் சரித்திரம்.

1993இல் ஜோனதன் கே, சார்லி ஜாக்சன் என்ற இருவர் சேர்ந்து ஃப்யூச்சர்வேவ் என்ற சிறு கம்பெனியை அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். பேனாவால் தொட்டு இயக்கும் கணினிகள் வரப்போகின்றன, அதில் படம் வரைய ஸ்மார்ட்ஸ்கெட்ச் என்று ஒரு மென்பொருள் விற்கலாம் என்பது திட்டம். அந்தக் கணினிகள் சந்தையில் எடுபடவில்லை. 1995இல் இணையம் பரவ ஆரம்பித்ததும் வரையும் மென்பொருளில் அசைவையும் சேர்த்தார்கள். அடோபியிடம் விற்றுவிடப் பார்த்தார்கள், அடோபி வேண்டாம் என்றுவிட்டது. 1996இல் ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் அது வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என், டிஸ்னி தளம் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. அதே வருடம் டிசம்பரில் மேக்ரோமீடியா கம்பெனி வாங்கி, நீளமான பெயரைச் சுருக்கி ஃப்ளாஷ் என்று வைத்தது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1995இல் வேண்டாம் என்ற அதே அடோபி, பத்து வருடம் கழித்து 2005இல் மேக்ரோமீடியாவையே சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வங்கி அதிகாரியும் மாட்டி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி!

ஃப்ளாஷ் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது? காரணம் எளிது. படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல் "இங்கிருந்து இங்கே ஒரு வளைகோடு, உள்ளே இந்த நிறம்" என்று குறிப்பாக அனுப்பியது. அதனால் கோப்பு சின்னதாக இருந்தது. வி.எஸ்.என்.எல் டயல்-அப்பில் மோடம் கத்திக் கத்தி இணைப்பு வாங்கிய காலத்தில் ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை, பானை பொங்கி வழிவதோடு, நிமிடக் கணக்கில் காக்க வைக்காமல் வந்து சேர்ந்தது என்றால் அதற்கு இதுதான் காரணம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

ஃப்ளாஷ் 5 வந்தது 2000இல். எம்எக்ஸ் 2002, எம்எக்ஸ் 2004 என்று பெயர் வைத்தது 2003இல், எட்டாம் பதிப்பு 2005, சிஎஸ்3 2007, சிஎஸ்4 2008, சிஎஸ்5 2010. பத்து வருடத்தில் ஏழு பதிப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு புதுப் புத்தக வரிசை. ராபர்ட் ரைன்ஹார்ட்டும் கூட்டாளிகளும் எழுதிய 'ஃப்ளாஷ் பைபிள்' தலையணை கனத்தில் பதிப்புக்கு ஒன்றாக வந்தது. கேத்தரின் உல்ரிச்சின் 'விஷுவல் குவிக்ஸ்டார்ட் கைடு' பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு, எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று காட்டியது. காலின் மூக் 2001இல் எழுதிய 'ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்: த டெஃபினிட்டிவ் கைடு' ஃப்ளாஷுக்குள் இருந்த நிரல்மொழிக்கு மட்டுமே ஆன புத்தகம்.

அமெரிக்க விலைக்கு நம்மால் இதையெல்லாம் வாங்கியிருக்க முடியாது. மும்பையில் ஷ்ராஃப், தில்லியில் வைலி ட்ரீம்டெக், பிபிபி போன்ற பதிப்பகங்கள் போட்ட இந்திய மறுபதிப்புகள்தான் கைகொடுத்தன. தாள் சன்னமாக இருக்கும், படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் பற்றிய அத்தியாயமும் கறுப்பு வெள்ளைதான். ஆனாலும் அந்த மறுபதிப்புகள் இல்லையென்றால் ஒரு தலைமுறை கற்றிருக்காது.

2003இல் எங்கள் அக்கா பையன் பி.காம் முடித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். ஊரில் நகையை வைத்து அத்தான் கட்டிய பணம். அங்கே கொடுத்த பாடக் குறிப்பு ஃப்ளாஷ் 5க்கு உரியது, கணினியில் இருந்ததோ எம்எக்ஸ். "மாமா, புக்ல இருக்கற பேனலே இதுல இல்ல, நான் எதைப் பாத்துப் படிக்கறது?" என்று கேட்டான். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளுக்கு இருவரும் போனோம். 2005இல் மாநகராட்சி பெருவாரியாக அப்புறப்படுத்துமுன் அங்கே புத்தகம் மதில்சுவர் மாதிரி அடுக்கியிருக்கும்.

அவன் கையில் எடுத்தது பைபிள். நான் மூக்கின் புத்தகத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். நிரல் எனக்குப் புரிந்ததாலா? இல்லவே இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்தேன். முதல் பாதியில் மாறி, நிபந்தனை, சுழற்சி, ஃபங்ஷன் என்று மொழியின் அடிப்படை. கடைசியில் அகராதி மாதிரி அகர வரிசையில் ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம். நம் வங்கியில் மாஸ்டர் சர்க்குலர் இருக்கிறதே, அந்த ஒழுங்கு. நாளை சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியும் புத்தகம்தான் பார்வை நூல். மற்றது டியூஷன்.

இங்கேதான் தேய்மானக் கணக்கு வருகிறது. வருமான வரி விதிகளில் ஒரு சுவாரசியம் உண்டு. தொழில் செய்பவர் வாங்கும் புத்தகங்களுக்கு அந்நாளில் இரண்டு தேய்மான விகிதம். வருடா வருடம் வெளிவரும் நூல் என்றால் 100 சதவீதம், அதாவது வாங்கிய வருடமே மதிப்பு பூஜ்யம். மற்றப் புத்தகம் என்றால் 60 சதவீதம். (2017-18 முதல் உச்சவரம்பு 40 சதவீதம் ஆகிவிட்டது.) விதி எழுதிய புண்ணியவான் யாரோ, புத்தகங்களில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

500 ரூபாய்ப் புத்தகத்தை 60 சதவீதத்தில் தேய்த்தால் முதல் வருடக் கடைசியில் 200, அடுத்து 80, அதற்கடுத்து 32 ரூபாய். ஃப்ளாஷ் பதிப்புப் புத்தகங்கள் ஏறத்தாழ இதே வேகத்தில்தான் தேய்ந்தன. எம்எக்ஸ் 2004இல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 வந்தது. 2006இல் ஃப்ளாஷ் ப்ளேயர் 9 உடன் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3. இதற்கு உள்ளே இருந்த இயந்திரமே புதிது. பொத்தானின் மேலேயே நிரலை ஒட்டிவைக்கும் பழைய வழக்கம் இதில் செல்லாது. "இந்தப் பொத்தானை அமுக்கு, இந்த வரியை அப்படியே தட்டு" என்று சொல்லிக்கொடுத்த புத்தகம் எல்லாம் ஒரே நாளில் 32 ரூபாய்க்கு வந்துவிட்டது.

நம் மொழிக்கு வந்த சோதனை தனி. ஃப்ளாஷுக்குள் எழுத்துருவைப் பொதித்து யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பொங்கல் அட்டை செய்ய உட்கார்ந்த அக்கா பையன் இரண்டு ராத்திரி இதோடு மல்லுக்கட்டினான். நாங்கள் புரட்டிய தடிப் புத்தகங்களின் பொருளடைவில் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. ஆனால் ஃப்ளாஷ் எழுத்தை எப்படி வடிவமாகப் பொதித்துக்கொள்கிறது என்ற விளக்கம் இருந்தது. அதைப் படித்துவிட்டு, பழைய டேப் எழுத்துருவில் தட்டி, எழுத்தை உடைத்துப் படமாக மாற்றிப் போட்டான். "இனிய பொங்கல்" சரியாக வந்தது. இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கையாளும் எழுத்து எஞ்சின் 2008இல் ஃப்ளாஷ் ப்ளேயர் 10இல்தான் வந்தது. விடையை மட்டும் சொல்லும் புத்தகம் உங்கள் கேள்வி அதில் இல்லையென்றால் உதவாது. உள்ளே நடப்பதைச் சொல்லும் புத்தகம், ஆசிரியர் கேள்விப்பட்டே இராத மொழிக்கும் உதவும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2007இல் வந்த ஐஃபோனில் ஃப்ளாஷ் இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் இல்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பு போதாது, தொடுதிரைக்கு ஏற்றதல்ல, ஒரே கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காரணம் அடுக்கினார். 2011 நவம்பரில் அடோபி கைப்பேசிக்கான ஃப்ளாஷ் ப்ளேயரை மேலும் வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. 2016இல் மென்பொருளின் பெயரையே அனிமேட் என்று மாற்றியது. 2017 ஜூலையில் மூடுவிழாத் தேதி குறித்தது. 2021 ஜனவரி 12 முதல் ப்ளேயரே படத்தை ஓட்ட மறுத்தது.

இந்தப் பத்து வருடத்தில் பல வீடுகளில் ஓசையில்லாமல் ஒரு கஷ்டம் நடந்தது. "எட்டு வருஷம் ஃப்ளாஷ் அனுபவம்" என்று பயோடேட்டாவில் போட்டவர்களுக்கு அந்த எட்டு வருஷமே பாரமாக மாறியது. அக்கா பையனுக்கும் 2012இல் வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே ஈசிஎம்ஏ தரத்தில் பிறந்த பங்காளிகள். மூக்கில் படித்த மாறியும் ஃபங்ஷனும் அங்கேயும் அப்படியே இருந்தன. ஏழு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறினான். சம்பளம் குறைவாகத்தான் சேர்ந்தான், பிறகு ஏறியது. பைபிள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, மானிட்டருக்கு முட்டுக்கொடுக்க. அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம் பையனைத் தைரியமாக நடக்க வைத்தது அதுதான். செலவுக் கணக்கில் எழுத வேண்டியது அது, அவ்வளவே.

மூலதனமாக நின்றவை வேறு. ராபர்ட் பென்னர் 2002இல் ஃப்ளாஷ் எம்எக்ஸ் நிரலாக்கம் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒரு பொருள் மெல்லக் கிளம்பி வேகமெடுத்து மெல்ல நிற்பதற்கான சமன்பாடுகளைக் கொடுத்தார். ஃப்ளாஷ் போன பிறகும் அந்தச் சமன்பாடுகள் ஜேக்வரி உட்படப் பல இடங்களில் குடியேறிவிட்டன. கீத் பீட்டர்ஸ் 2005இல் திசைவேகம், உராய்வு, சுருள்வில், மோதல் என்று இயற்பியலை வைத்து ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் அனிமேஷன் சொல்லிக்கொடுத்தார். 2011இல் அதே அணுகுமுறையில் பில்லி லம்பெர்ட்டாவுடன் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு நூலே வந்தது. இன்னும் பின்னால் போனால் டிஸ்னி ஓவியர்கள் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய 'இல்யூஷன் ஆஃப் லைஃப்', ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001இல் எழுதிய 'அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'. ஃப்ளாஷின் எந்தப் பொத்தானையும் சொல்லிக்கொடுக்க வந்தவை அல்ல இவை. பந்து தரையில் பட்டால் எப்படி நசுங்கும், நடக்கும்போது இடுப்பு எப்போது தாழும் என்றுதான் பேசுகின்றன. எந்த மென்பொருள் வந்தாலும் பந்து அப்படித்தான் குதிக்கும்.

இன்றும் வீட்டில் பிள்ளைகள் வலை அனிமேஷன் கற்க எந்தப் புத்தகம் என்று கேட்டால், மென்பொருள் தெரியாத பெற்றோரும் நாலு விஷயம் பார்க்கலாம்:

1. பொருளடக்கத்தில் மெனுக்களின் பெயர் அதிகமா, கருத்துகளின் பெயர் அதிகமா? மெனு அதிகம் என்றால் ஒன்றரை வருடச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஒரு சொல்லை மனதில் நினைத்துக்கொண்டு பொருளடைவில் தேடுங்கள். அரை நிமிடத்தில் சரியான பக்கம் கிடைத்தால் அது பார்வை நூல்.

3. நடுவில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். "இப்படிச் செய்" மட்டும் இருக்கிறதா, "ஏன்" என்பதும் இருக்கிறதா?

4. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கனமானதை வாங்காதீர்கள். மென்பொருள் மாறினாலும் பாதிப் பக்கமாவது மிஞ்சும் புத்தகத்தை வாங்குங்கள்.

இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது புத்தகம் எதற்கு என்பீர்கள். காணொளிக்கும் இதே கணக்குதான். "இங்கே க்ளிக் பண்ணுங்க" காணொளி சீக்கிரம் தேயும். காசு இல்லாவிட்டாலும் பிள்ளையின் வயது செலவாகிறதே, அதற்குத் தேய்மானம் எந்த வரி விதியிலும் கிடையாது.

பி.கு: பழைய ஃப்ளாஷ் படங்கள் எல்லாம் போய்விட்டனவே என்று வருந்தும் நண்பர்களுக்கு: ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைக் கொண்டு பழைய ஃப்ளாஷ் படங்களை ஓட்ட ஆரம்பித்தது. பழைய சிடியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்த வாழ்த்து அட்டை ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்கள்.