தட்டுப்பாடு முதலில் விலையாக வரும், பிறகு பட்டியலாக வரும்

கடந்த கிழமை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழே நிற்கும் ஓட்டோக்காரத் தம்பி என்னை மறித்துக் கேட்டார். “அண்ணை, அங்கால சண்டை கூடினா இங்க பெற்றோல் இல்லாமப் போகுமோ? ரெண்டு கான் அடிச்சு வைப்பமோ?”

அவருக்கு முப்பது வயது இருக்கலாம். அவர் கண்ட தட்டுப்பாடு 2022 மட்டும்தான். நான் மூன்றைக் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் படித்தேன். 1994இல் கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் இருந்துகொண்டு போர்க்காலக் கொழும்பைப் பார்த்தேன். 2022இல் வெள்ளவத்தையில் வரிசையில் நின்றேன். எங்கோ நடக்கும் போரில் எரிபொருள் விலை ஏறுகிறது, வெடிபொருள் தட்டுப்படுகிறது என்ற செய்திகள் வரும்போது, அவை எங்கள் வீட்டுக்குள் எந்த ஒழுங்கில் வந்து சேரும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விலை வரும் வழி

இலங்கை தனக்குத் தேவையான எண்ணெய் முழுவதையும் வெளியே வாங்கும் நாடு. சபுகஸ்கந்தையில் 1969இல் இயங்கத் தொடங்கிய ஒரேயொரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதற்கும் மசகு எண்ணெய் கப்பலில்தான் வரவேண்டும். ஆகவே உலகச் சந்தை, டொலர் இருப்பு, கப்பல் வழி ஆகிய மூன்றில் ஒன்று பழுதானாலும் எங்களுக்குத் தெரியவரும். 2008 ஜூலையில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 147 டொலர் வரை போனது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே இங்கு பெற்றோல் லீற்றர் 157 ரூபா ஆகியிருந்தது. அப்போது வன்னியில் இறுதிப்போர் நடந்துகொண்டிருந்தது. கவச வாகனமும் விமானமும் கடற்படைப் படகும் குடிப்பது இதே எண்ணெயைத்தான். நாட்டுக்குள் வந்த எண்ணெயில் முதற்பங்கு யாருக்கு என்பதை நாங்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

2022இல் பழுதானது டொலர். ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் இறுதியில் 470 ரூபா ஆனது. டீசல் 121 ரூபாவிலிருந்து 460க்குப் போனது. பெற்றோல் விலை வாகனம் வைத்திருப்பவரின் கவலை என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டுச் செலவை உடைப்பது டீசல்தான். தம்புள்ளையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் லொறியும், துறைமுகக் கொள்கலன் வண்டியும், காலி வீதி பஸ்ஸும் டீசலில் ஓடுகின்றன. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபா ஆனது. கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் ஏறிக் கடை வேலைக்கு வரும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் மாத முடிவில் ஒரு மூட்டை அரிசி.

அடுத்தது அடுப்பு. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களை வீதிக்குக் குறுக்கே அடுக்கிவைத்துச் சனம் வீதியை மறித்தது.

கடைசியாக வருவது மண்ணெண்ணெய். அது ஏழையின் எண்ணெய் என்பதால் அரசுகள் அதைத் தொடத் தயங்கும். தொட்டால் ஒரே அடியாகத் தொடும். 2022 ஓகஸ்ட் 22 அன்று லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. வடக்கில் சிறு படகு வைத்திருப்பவரையும் மலையகத்தில் லயன் வீட்டில் இருப்பவரையும் அது ஒரே நாளில் அடித்தது. படகு போகாவிட்டால் மீன் விலை ஏறும். அந்த விலையை வெள்ளவத்தைச் சந்தையில் நாங்கள் கொடுத்தோம்.

எறிகணை தட்டுப்பட்டால் எங்களுக்கு என்ன?

வெடிபொருள் தட்டுப்பாடு என்பது படைகளின் பிரச்சினை என்றுதான் தோன்றும். படையிடம் எறிகணை தீர்ந்தால் சண்டை நிற்கும் என்றுகூட நாங்கள் ஒருகாலத்தில் நம்பினோம். 2000 ஏப்ரல் 22 அன்று ஆனையிறவு வீழ்ந்தபோது கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளில் இதைத்தான் மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. அரசு நாட்டைப் போர்க்கால நிலைக்குக் கொண்டுவந்தது. அவசரமில்லாத அபிவிருத்தி வேலைகள் நிறுத்தப்பட்டன. செய்தித் தணிக்கை இறுகியது. முறிந்திருந்த இஸ்ரேல் உறவு அந்த மே மாதமே மீண்டும் தொடங்கியது. பல்குழல் எறிகணை செலுத்திகளும் புதிய போர் விமானங்களும் வந்தன. சண்டை மேலும் ஒன்பது ஆண்டுகள், இடையில் ஒரு சமாதான காலத்துடன், நீண்டது.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? தேசிய பாதுகாப்பு வரி என்று ஒன்று இருந்ததை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1990களில் அது பொருட்களின் மீது விழுந்தது. அதன் வீதம் படிப்படியாக ஏறியது. 2002 ஓகஸ்டில் பெறுமதி சேர் வரி வந்தபோது அந்த வரியும் அதற்குள் கலந்தது. எங்கள் ஊரில் விழுந்த எறிகணைக்கு நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாங்கிய சவர்க்காரத்தில் வரி கட்டியிருக்கிறோம். இந்தக் கணக்கை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது உலகமே இதைச் செய்கிறது. உக்ரேன் போருக்காக 12 மாதத்தில் 10 இலட்சம் பீரங்கி எறிகணைகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்களித்தது. தவணை முடிந்தபோது பாதியளவே போயிருந்தது. தட்டுப்பாடு போரை நிறுத்தவில்லை. தொழிற்சாலைகளைப் பெருப்பித்தது, பாதுகாப்புச் செலவுகளை ஏற்றியது, எறிகணையின் விலையைக் கூட்டியது. அந்தச் செலவு அங்குள்ள வரியில் விழும். லண்டனிலோ பாரிஸிலோ இருந்து வெள்ளவத்தையில் தனித்திருக்கும் அம்மாவுக்குக் காசு அனுப்பும் பிள்ளையின் வீட்டு மின்கட்டணமும் ஏறும். மாதக் காசு குறையும்போதோ பிந்தும்போதோ அம்மா காரணம் கேட்கமாட்டார், மருந்தைப் பாதியாக்குவார்.

எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் குடியிருத்தல்

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் எரிபொருள் கொலன்னாவைக்குப் போகிறது. கொட்டாஞ்சேனை அதற்குக் கிட்டவே இருக்கிறது. 1995 ஒக்டோபர் 20 அன்று கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்க் குதங்கள் புலிகளால் தாக்கப்பட்டபோது மாமா வீட்டு மொட்டைமாடியில் நின்று கரும்புகையைப் பார்த்தோம். மூன்று நாளுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணத்தை நோக்கிய ரிவிரெச நடவடிக்கை தொடங்கியிருந்தது. மாமா புகையைப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்து ஒரு பையில் வைத்தார். அன்றிரவு எங்கள் ஒழுங்கைக்குள் ஆமி வருமென்று அவருக்குத் தெரியும்.

2007 ஏப்ரல் 29 அதிகாலை, உலகக் கிண்ண இறுதிப் போட்டியைச் சனம் பார்த்துக்கொண்டிருந்தபோது நகரம் இருண்டது. கொலன்னாவை எண்ணெய்க் குதத்தையும் முத்துராஜவெல எரிவாயு நிலையத்தையும் புலிகளின் விமானங்கள் தாக்கின. 2008 ஒக்டோபர் 28 இரவு களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் குண்டு விழுந்தது. எரிபொருள் இருக்கும் இடம் இலக்காகும். அதன் அருகில் குடியிருக்கும் தமிழர் சந்தேகத்துக்கு ஆளாவர். இரண்டும் ஒரே இரவில் நடக்கும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பஸ்களுக்கு டீசல் தட்டுப்படவில்லை.

யார் பட்டியலை எழுதுகிறார்?

ஒரு பொருள் மிகவும் அருமையாகிவிட்டால் காசு மட்டும் அதை வாங்காது. ஒரு துண்டு தேவைப்படும். 1990க்குப் பின்னர் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என்று வடக்குக்குத் தடுக்கப்பட்ட பொருட்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி அந்த விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம். நாலு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். இவற்றை இப்போது கெட்டித்தனமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். தடுக்கப்பட்ட பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டும் இருந்தது; கொண்டுவந்தவர்கள் பணக்காரரானார்கள். ஊரைவிட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும், வவுனியாவில் ஆமியிடம் துண்டு எடுக்கவேண்டும். தடை பெரும்பாலும் நீங்கியது 2002 ஜனவரியில். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதும் யாழ்ப்பாணம் மறுபடி கப்பலை எதிர்பார்த்து நின்றது.

2022இல் தெற்கும் அந்தத் துண்டுக்கு வந்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நான் பயத்தோடுதான் பதிந்தேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்ட எந்தப் படிவமும் எங்களுக்கு நன்மைக்கு வந்ததில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த முறை வேலைசெய்தது. வரிசை குறைந்தது. எந்த ஊர், எந்த மொழி என்று அது கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுத்தது. 2023 செப்டெம்பரில் அதை நிறுத்தினார்கள்.

இந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நான் அந்தத் தம்பிக்குச் சொல்ல விரும்பியது. பங்கீடு வருவதைத் தடுக்க முடியாமற் போகலாம். அது எல்லோருக்கும் ஒரே அளவா, அல்லது யாரோ ஒருவரின் தயவா என்பதைக் கேட்கலாம். வாகனமில்லாதவருக்கு, பதிவில்லாத வாடகை அறையில் இருப்பவருக்கு, கைத்தொலைபேசி இல்லாத முதியவருக்கு அந்தப் பட்டியலில் இடமுண்டா என்று முதல் நாளே கேட்கவேண்டும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்த மீனவர் ஒருவர் சிலாபத்தில் சுடப்பட்டு இறந்தார். 2022 ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூன் 18 அன்று விசுவமடுவில் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் ஆமி சுட்டதில் பொதுமக்கள் காயமடைந்தனர். சிங்கள மீனவர், சிங்களக் கிராமத்தவர், வன்னித் தமிழர். நாட்டில் பெற்றோல் தீர்ந்த நாளிலும் ரவை தீரவில்லை. நிரப்பு நிலையத்துக்குக் காவல் யார், அவர் கையில் என்ன என்பதும் விலையைப்போலவே எங்கள் பிரச்சினை.

வீட்டில் செய்யக்கூடியவை

தொடர்மாடியில் பெற்றோல் சேர்த்து வைக்கவேண்டாம். பிளாஸ்டிக் கானில் இருந்து கசியும் ஆவி அடுப்பு நெருப்புக்கு நாலு அடி தள்ளியும் பற்றும். எரிவது உங்கள் வீடு மட்டுமல்ல.

மின்சாரம் நின்றால் லிப்ட் நிற்கும், தண்ணீர் மோட்டார் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. மேல்மாடியில் தனியே இருக்கும் முதியவர்களின் பெயர்களை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கீழே காவலாளியிடம் கொடுங்கள். இரண்டு வாளி தண்ணீர், ஒரு மாத மருந்து, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு அல்லது கரி அடுப்பு போதும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் எரிக்கக்கூடாது.

வேலைக்குப் போகும் பாதையை இப்போதே யோசியுங்கள். கரையோர ரயில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிறது. பழைய சைக்கிள் இருந்தால் அதைத் திருத்தி வையுங்கள். தட்டுப்பாடு வந்தபின் சைக்கிளும் ரயரும் விலை ஏறும்.

அடையாள அட்டை, வாகனப் பதிவு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே இடத்தில் வையுங்கள். என் மாமாவின் பை இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்ல நேரமிருக்கவில்லை. “கான் வேண்டாம்,” என்றேன். “மேல ஏழாம் மாடியில ஒரு அம்மா தனிய இருக்கிறா. லிப்ட் நிண்டா அவவுக்கு ஆர் பாண் வாங்கிக் குடுக்கிறது எண்டு இப்பவே பேசி வைப்பம்.” அவர் அந்த அம்மாவை அறிந்திருந்தார். கோயிலுக்கு அவரைக் கொண்டுபோய் விடுபவர் அவர்தானாம். தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்துவிட்டு ஓட்டோவை எடுத்தார்.