ஒரே ஒரு பாலம்: டச்சுக்காரர்கள் ஜப்பானுக்குள் நுழைந்த கதை

இன்றைக்கு நெதர்லாந்து பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் ஜப்பானைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால், விசாவுக்காக எந்தத் தூதரக வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. காலாவதியாகாத பாஸ்போர்ட் இருந்தால் போதும். விமான நிலையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு 90 நாட்கள் வரை தங்க அனுமதி கொடுத்து விடுகிறார்கள்.

ஆனால் இதே நாட்டுக்காரர்கள் இதே ஜப்பானுக்குள் இருநூறு வருடங்களுக்கும் மேலாக எப்படி நுழைந்தார்கள் தெரியுமா? பைபிளைப் பெட்டியில் வைத்து சீல் வைக்கக் கொடுத்துவிட வேண்டும். துப்பாக்கியையும் வெடிமருந்தையும் ஒப்படைக்க வேண்டும். மனைவியை அழைத்து வரக்கூடாது. ஒரு சின்னஞ்சிறிய தீவை விட்டு அனுமதி இல்லாமல் ஓரடி கூட எடுத்து வைக்கக்கூடாது. இத்தனை கெடுபிடி இருந்தும் அவர்கள் போனார்கள். காரணம், ஐரோப்பாவிலேயே அவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கதவு கொஞ்சமாவது திறந்திருந்தது!

முதல் அனுமதிச் சீட்டு

1598-ல் ரோட்டர்டாமிலிருந்து ஐந்து கப்பல்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் ஜப்பானை வந்து அடைந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் 'லீஃப்டெ', அதாவது அன்பு. 1600 ஏப்ரலில் கியூஷு தீவின் கரையில் ஒதுங்கியபோது அதில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 24 பேர். பாதிப் பேருக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. ஏற்கெனவே அங்கே செல்வாக்கோடு இருந்த போர்ச்சுக்கீசியப் பாதிரிகள், "இவர்கள் கடற்கொள்ளையர்கள், கொன்றுவிடுங்கள்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அன்றைய பெரும் தலைவரான தோக்குகாவா இயேயாசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்தவர்களை அழைத்து விசாரித்தார், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அவர்களில் யான் யோஸ்டன் என்ற டச்சுக்காரருக்கு எடோ நகரத்திலேயே வீடும் கொடுத்தார். அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. டோக்கியோ ரயில் நிலையத்தின் ஒரு பக்கத்துக்கு 'யாயேசு' என்று பெயர் இருக்கிறதே, அது யான் யோஸ்டன் பெயர் ஜப்பானியர் வாயில் திரிந்து வந்ததுதான்.

1609-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இரண்டு கப்பல்கள் வந்தன. அவர்களுக்கு இயேயாசு சிவப்பு முத்திரை குத்திய ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்தார். டச்சுக் கப்பல்கள் ஜப்பானின் எந்தத் துறைமுகத்துக்கு வந்தாலும் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சீட்டு இன்றும் ஹேக் நகரத்தில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு ஜப்பான் கொடுத்த முதல் விசா என்று அதைச் சொல்லலாம். அதோடு ஒப்பிட்டால் பின்னால் வந்த எந்த அனுமதியும் அவ்வளவு தாராளமானதில்லை.

இயேயாசு 1616-ல் இறந்தார். அதே வருடம் ஐரோப்பியக் கப்பல்கள் ஹிராடோ, நாகசாகி ஆகிய இரண்டு துறைமுகங்களுக்கு மட்டும்தான் வரலாம் என்று ஆணை வந்தது.

கதவு மூடியது ஏன்?

மதம்தான் முக்கியக் காரணம். கிறிஸ்தவ மதம் பரவினால் பின்னாலேயே ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் படையோடு வரும் என்ற பயம் ஷோகன்களுக்கு இருந்தது. 1614-ல் நாடு முழுக்க கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1635-ல் ஜப்பானியர்கள் வெளிநாடு போகவே கூடாது, போனவர்கள் திரும்பி வந்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 1637-ல் ஷிமபாராவில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். வரிச்சுமை தாங்காமல் எழுந்த அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். கலகக்காரர்கள் இருந்த ஹாரா கோட்டை மீது டச்சுக் கப்பல் ஒன்றும் பீரங்கியால் சுட்டது. வணிக உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள, தங்களைப் போலவே ஏசுவைக் கும்பிட்டவர்கள் மீது சுட்டார்கள் என்பது டச்சு வரலாற்றில் ஒரு கறைதான்.

1639-ல் போர்ச்சுக்கீசியர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த வருடம் மக்காவிலிருந்து சமாதானம் பேச வந்த குழுவில் 61 பேரின் தலையை வெட்டிவிட்டு, போய்ச் சொல்வதற்காக 13 பேரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டுமா?

டச்சுக்காரர்களும் தப்பவில்லை. 1640-ல் ஹிராடோவில் அவர்கள் புதிதாகக் கட்டியிருந்த கல் கிட்டங்கியை இடிக்கச் சொன்னார்கள். கட்டிய ஆண்டைக் கிறிஸ்து பிறப்பிலிருந்து கணக்கிட்டு முகப்பில் பொறித்திருந்ததுதான் குற்றம்! டச்சுத் தலைவர் பிரான்சுவா கரோன் ஒரு வார்த்தை கூட எதிர்த்துப் பேசாமல் இடித்துத் தள்ளினார். 1641-ல் அவர்களை நாகசாகியில் உள்ள டெஜிமா தீவுக்கு மாற்றினார்கள்.

டெஜிமா விதிகள்

டெஜிமா இயற்கையான தீவு இல்லை. போர்ச்சுக்கீசியர்களை அடைத்து வைப்பதற்காக நாகசாகி வணிகர்கள் 25 பேர் பணம் போட்டு, 1636-ல் கட்டி முடித்த செயற்கைத் தீவு. விசிறி வடிவம். பரப்பு சுமார் 15,000 சதுர மீட்டர், அதாவது நான்கு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ஊரோடு சேர்ப்பது ஒரே ஒரு பாலம். போர்ச்சுக்கீசியர்கள் போய்விட்டதால் தீவு காலியாகி வாடகை வராமல் கிடந்தது. டச்சுக்காரர்கள் வந்ததும் வருடத்துக்கு 55 கன்மே வெள்ளி வாடகை பேசப்பட்டது. ஆக, தங்களைப் பூட்டி வைக்கும் இடத்துக்குத் தாங்களே வாடகையும் கட்டினார்கள்.

கப்பல் வந்ததும் ஆள் எண்ணிக்கை, பெயர்ப் பட்டியல், சரக்குப் பட்டியல் எல்லாம் சரிபார்க்கப்படும். கிறிஸ்தவ நூல்களைப் பூட்டி முத்திரையிடுவார்கள், கப்பல் திரும்பிப் போகும்போதுதான் திறக்கலாம். ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று எழுத்தில் செய்தி அறிக்கை கொடுக்க வேண்டும். தீவில் வசித்த டச்சுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருப்பது அரிது. அவர்களைக் கவனிக்க அதைப்போலப் பல மடங்கு மொழிபெயர்ப்பாளர்களும் காவலர்களும் இருந்தார்கள். பாலத்தருகே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தாசிகளைத் தவிர வேறு பெண்கள் உள்ளே வரக்கூடாது, பிச்சைக்காரர்கள் வரக்கூடாது, டச்சுக்காரர்கள் காரணமின்றி வெளியே போகக்கூடாது என்பவை அதில் இருந்த விதிகளில் சில.

டச்சுத் தலைவர் எடோவுக்குப் போய் ஷோகனை வணங்கிப் பரிசு கொடுத்து வரவும் வேண்டும். போக வர ஏறக்குறைய மூன்று மாதம். 1790 வரை ஒவ்வொரு வருடமும், அதன்பின் நான்கு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பயணம் நடந்தது. 1691-ல் போன மருத்துவர் கெம்ப்ஃபர், ஷோகன் சுனயோஷி முன்னால் தங்களை ஆடச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், குடிகாரன் போல நடிக்கச் சொன்னார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இத்தனை அவமானத்தையும் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? கணக்குப் புத்தகம்தான் பதில். ஜப்பானிலிருந்து வெள்ளியும், பின்னாளில் செம்பும் கிடைத்தன. அந்தச் செம்பு ஆசியா முழுக்க விலை போனது, நம் சோழமண்டலக் கரையிலும் விற்பனையானது. பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் மையமாக வைத்து டச்சுக்காரர்கள் வாங்கிய துணிகளில் ஒரு பகுதி ஜப்பானுக்கும் போனது. கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானிய மொழியில் 'சாந்தோமே' என்று பெயர். நம்முடைய மயிலாப்பூர் சாந்தோமின் பெயர்தான் அது! ஆனால் இந்த வியாபாரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1715-ல் வருடத்துக்கு இரண்டு கப்பல் என்றார்கள். 1790-ல் ஒன்று என்றார்கள்.

போலி டச்சுக்காரர்கள்

டச்சுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? டச்சுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்! கெம்ப்ஃபர் ஜெர்மானியர். 1775-ல் வந்த தாவரவியல் அறிஞர் துன்பெர்க் சுவீடன்காரர். 1726-ல் வெளியான 'கலிவரின் பயணங்கள்' நாவலில்கூட கலிவர் தன்னை ஹாலந்துக்காரன் என்று பொய் சொல்லித்தான் ஜப்பானுக்குள் நுழைகிறான். 1797 முதல் சில ஆண்டுகள், ஐரோப்பியப் போர் காரணமாக, அமெரிக்கக் கப்பல்களை வாடகைக்கு எடுத்து டச்சுக் கொடி ஏற்றி அனுப்பினார்கள்.

1823-ல் வந்த ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட் கதை வேடிக்கையானது. அவருடைய டச்சு உச்சரிப்பு சரியில்லையே என்று ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் சந்தேகப்பட்டார்கள். "இவர் மலை டச்சுக்காரர், அதனால் பேச்சு அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தார்களாம். நெதர்லாந்தில் மலை ஏது!

இந்தப் பொய் ஒருமுறை உயிரையும் வாங்கியது. 1808-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஃபீட்டன்' டச்சுக் கொடியோடு நாகசாகிக்குள் வந்தது. நம் கப்பல் வந்துவிட்டது என்று வரவேற்கப் போன இரண்டு டச்சுக்காரர்களைப் பிணையாகப் பிடித்து, உணவும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு போனது. தடுக்க முடியாமல் போன அவமானத்தில் நாகசாகி ஆளுநர் மட்சுதைரா தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு சோதனைகள் இன்னும் கடுமையாயின.

அனுமதி மறுக்கப்பட்ட குடும்பம்

1817 ஆகஸ்டில் புதிய தலைவராக யான் காக் பிளோம்ஹோஃப் வந்தார். விதி தெரிந்திருந்தும் மனைவி டிட்டியா பெர்க்ஸ்மாவையும், சின்னஞ்சிறு மகன் யோஹன்னஸையும், பால் கொடுக்கும் தாதியையும், ஜாவா நாட்டுப் பணிப்பெண்ணையும் கூடவே அழைத்து வந்தார். நாகசாகி அதிகாரிகள் இரக்கப்பட்டு, எடோவிலிருந்து முடிவு வரும்வரை தீவில் இருக்கட்டும் என்று இறங்க விட்டார்கள். தன் உடல்நிலையைக் காட்டி பிளோம்ஹோஃப் மனு மேல் மனு போட்டார். எடோவிலிருந்து வந்த பதில்: முடியாது.

டிசம்பரில் அவர்கள் கப்பல் ஏறினார்கள். டெஜிமாவில் இருந்தது சுமார் நான்கு மாதம்தான். ஆனால் வெள்ளைக்காரப் பெண்ணை அதுவரை பார்த்திராத நாகசாகி ஓவியர்கள் டிட்டியாவை வரைந்து தள்ளிவிட்டார்கள். படங்கள், பொம்மைகள், பீங்கான் என்று அவர் முகம் ஜப்பான் முழுக்கப் பரவியது. எந்த நாடு அவரை உள்ளே விடவில்லையோ அந்த நாட்டில்தான் அவர் முகம் நிலைத்தது. டிட்டியா 1821-ல் நெதர்லாந்தில் இறந்தார். கணவர் ஊர் திரும்பியது 1824-ல். கரையில் பிரிந்தது பிரிந்ததுதான்.

அதே கப்பலில் இன்னொரு பிரிவும் நடந்தது. பழைய தலைவர் ஹெண்ட்ரிக் டூஃப் பல வருடங்கள் கழித்து ஊர் திரும்பினார். அவருக்கு ஜப்பானியப் பெண்ணிடம் பிறந்த மகன் ஜோகிச்சி இருந்தான். தந்தை அங்கே தங்க முடியாது, மகன் நாட்டை விட்டு வெளியேற முடியாது. பையனுக்கு ஒரு வேலை கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டு டூஃப் கிளம்பினார். ஜோகிச்சி 1824-ல், இருபது வயதைத் தொடாமலே இறந்துபோனான்.

சீபோல்டும் இதே வழியில்தான் போனார். ஜப்பான் வரைபடங்களை வைத்திருந்ததாக 1828-ல் மாட்டிக்கொண்டார். கொடுத்த அதிகாரி தகஹாஷி சிறையில் இறந்தார். 1829-ல் சீபோல்ட் நாடு கடத்தப்பட்டபோது மகள் இனேவுக்கு வயது இரண்டு. அந்தக் குழந்தை பின்னாளில் மேற்கத்திய மருத்துவம் படித்த ஜப்பானின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரானது.

பாலம் திறந்தது

1844-ல் நெதர்லாந்து அரசர் இரண்டாம் வில்லெம், காலம் மாறிவிட்டது, நாட்டைத் திறந்துவிடுங்கள் என்று ஷோகனுக்குக் கடிதம் எழுதினார். பணிவாக மறுத்துவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து அமெரிக்கத் தளபதி பெர்ரி பீரங்கிக் கப்பல்களோடு வந்து கேட்டபோது மறுக்க முடியவில்லை. 1854-ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆனது. அடுத்து டச்சுக்காரர்களுக்கும் டெஜிமாவை விட்டு வெளியே நடமாடும் உரிமை 1855-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1858 ஒப்பந்தத்துக்குப் பிறகும் வெளிநாட்டவர் துறைமுகத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம்வரைதான் போகலாம். உள்நாட்டுக்குள் போகத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதுவும் 1899-ல்தான் ஒழிந்தது. சீபோல்டின் தடையும் நீங்கி 1859-ல் அவர் திரும்பி வந்தார். மகளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

டெஜிமாவைச் சுற்றியிருந்த கடல் பிறகு தூர்க்கப்பட்டுவிட்டது. பழைய கட்டடங்களைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 2017 நவம்பரில் புதிய பாலமும் திறந்தார்கள். இன்று டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் அதில் நடக்கலாம்.

கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில் நெதர்லாந்து உட்படப் பல நாட்டவர்க்கு விசா இல்லாமல் வரும் சலுகையை ஜப்பான் நிறுத்தி வைத்தது. 2022 அக்டோபர் 11-ல்தான் மீண்டும் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு கரையில் காத்துக் கிடந்தன. விசா விதி என்பது காகிதத்தில் பார்த்தால் இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்குள் ஒரு டிட்டியாவும் ஒரு ஜோகிச்சியும் இருக்கிறார்கள் என்பதை டெஜிமாவின் அந்தச் சின்னப் பாலம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.