நீரிழிவுக்காரர் வீட்டு மளிகைச் சீட்டு

வடக்கே குடியேறிய தமிழர் ஒருவருக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அவர் வீட்டில் முதன்முதலாகத் திருத்தம் பெறுவது மாதாந்தர மளிகைச் சீட்டுத்தான். சீட்டின் தலைப்பிலிருக்கும் அரிசி அடிக்கப்பெறும். அவ்விடத்தில் கோதுமை மாவு ஏறும். தில்லிக் கரோல்பாகிலும் மும்பை மாதுங்காவிலும் கொல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும் இவ்வழக்கம் ஒன்றே. அரிசி நோயை வளர்க்கும், கோதுமை நோயை அடக்கும் என்னும் இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பழைய நூல்களில் இது இவ்வடிவில் இல்லை. சரக சங்கிதை மேகநோய்க்குக் காரணமாகத் தயிரையும் புதுத் தானியத்தையும் வெல்லப் பண்டங்களையும் கூறுவதோடு நில்லாமல், உட்கார்ந்தே இருக்கும் சுகத்தையும் உறங்கும் சுகத்தையும் சேர்த்தே கூறுகின்றது. நோயாளிக்கு அது முதன்மையாக விதிப்பது வாற்கோதுமை. சுசுருத சங்கிதையோ பழைய நெல்லரிசியை விலக்கவில்லை. வாற்கோதுமை, கோதுமை, வரகு இவற்றோடு ஒரே வரிசையில் அமர்த்தி, துவரை, கொள்ளு, பயறு ஆகியவற்றைத் துணை கூட்டுகின்றது. பொருளற்ற நோயாளி குடையும் செருப்பும் இன்றி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும். செல்வனோ மான்களோடு காட்டில் வாழ்ந்து, சாமை போன்ற புல்லரிசியையும் நெல்லிக்கனியையும் விளாங்கனியையும் உண்ண வேண்டும் என்று அந்நூல் கூறுமிடம் சுவையானது. செல்வனுக்குப் புல்லரிசி! இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அரிசியின் மீது குற்றச்சாட்டு ஏறியது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவ சங்கம், வெப்ப நாடுகளில் காணப்பெறும் நீரிழிவைப் பற்றித் தனியாக விவாதித்தது. வங்கத்துப் படித்த வகுப்பாரிடையே நோய் மிகுந்திருப்பது அங்கே பேசப்பெற்றது. சோறு, இனிப்பு, நாற்காலி உத்தியோகம் ஆகிய மூன்றன்மீதும் பழி விழுந்தது. பின்னாளில் முதலிரண்டை மட்டும் நினைவில் நிறுத்தி, மூன்றாவதை வசதியாக மறந்துவிட்டோம்.

அடுத்த சாட்சியம் நம் நீலகிரியிலிருந்தே வந்தது. குன்னூரில் 1918இல் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிப் பிரிவில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் எலிக்குஞ்சுகளைக் கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், சென்னையர் முதலானோரின் உணவுகளை ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் உண்ட சீக்கியக் கூட்டம் முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியும் சிறிதளவு காய்கறியும் உண்ட சென்னைக் கூட்டம் கடைசியில் நின்றது. ஆராய்ச்சி பிழையன்று. ஆனால் அது குஞ்சுகளின் வளர்ச்சியைப் பற்றியது. நீரிழிவைப் பற்றியது அன்று. சீக்கியரின் கிண்ணத்தில் பால் இருந்தது, கீரை இருந்தது, தவிடு நீக்காத மாவு இருந்தது. ஊரார் வாயில் எஞ்சியதோ, 'கோதுமை நல்லது, அரிசி கெட்டது' என்ற நான்கு சொற்களே.

அதே குன்னூர் நிலையம் 1937இல், ஐக்ராய்டு என்பவர் இயக்குநராயிருந்தபோது, இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக்கி ஒரு சிறு வெளியீட்டைத் தந்தது. நிலையம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அட்டவணையும் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. அதன் 1971ஆம் ஆண்டுப் பதிப்பில், தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மாவுப்பொருள் 78 கிராம், கோதுமை மாவில் 69 கிராம், கேழ்வரகில் 72 கிராம். புரதத்தில் கோதுமை முந்துகிறது: அரிசிக்கு 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கோதுமைக்கு 12. வேறுபாடு உண்டு, ஆயினும் ஒன்று நஞ்சு, மற்றொன்று மருந்து என்னும் அளவுக்கு இல்லை.

இக்கணக்கின் பொருள் எனக்கு விளங்கியது என் தந்தையாரால். தஞ்சையிலிருந்து எங்களோடு இருக்கத் தில்லிக்கு வந்தவரை, வந்த மாதமே சோற்றிலிருந்து விலக்கி வைத்தோம். அவர் மறுபேச்சின்றி இரவுக்கு ஆறு சப்பாத்தி உண்டார். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. மூன்று மாதம் கழித்து இரத்தச் சர்க்கரை முன்னிலும் ஏறியிருந்தது. ஆறு சப்பாத்திக்கு மாவு 180 கிராம். மாவுப்பொருள் ஏறக்குறைய 125 கிராம். ஊரில் அவர் இரவில் உண்ட சோறு 120 கிராம் அரிசிக்கு மேற்படாது. அதில் 94 கிராம். சோற்றையும் பறித்து, நோயையும் வளர்த்திருக்கிறோம்! அவர் குறை கூறவில்லை என்பதே எனக்கு இன்றும் குறை.

இன்சுலின் கண்டறியப்பெற்றது கனடாவின் டொராண்டோ நகரில், 1921இல். முதல் நோயாளிக்கு ஊசி போட்டது 1922 ஜனவரியில். அதற்கு முன் நோயாளியைப் பட்டினியில் வைப்பதே மேனாட்டுச் சிகிச்சை. ஊசி வந்த பிறகும் மாவுப்பொருளைக் கண்டஞ்சும் பழக்கம் நெடுநாள் நீடித்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்ட மருத்துவர் எம். விசுவநாதனும் அவர்தம் குழுவினரும், நம்மவர் உண்ணும் தானியத்தை அடியோடு வெட்டாமல், நார்ப்பொருள் மிகுந்த உணவாக அதனை மாற்றிக் கொடுக்கும் வழியைப் பின்னாளில் ஆராய்ந்தனர். 1981இல் அதே டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், எந்த உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பருப்பும் பயறும் அதில் தாழ்ந்த இடம் பெற்றன. மாவாக அரைத்த தானியம் முழுத் தானியத்தினும் விரைவாக ஏற்றும் என்பதும் தெளிவாயிற்று. ஆகவே கேழ்வரகுக் கஞ்சியைக் குவளை குவளையாகக் குடித்துவிட்டுக் கேழ்வரகைப் புகழ்வதில் பயனில்லை.

இனி அரசாங்கத்தின் பங்கு. 1943 மே மாதம் பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தது. பிற நகரங்களும் தொடர்ந்தன. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது; அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. பஞ்சத்துக்கு அஞ்சிய நாடு அரிசியையும் கோதுமையையும் கிடங்குகளில் குவித்தது. அதனைப் பழிப்பது நன்றியன்று. எனினும் வரகும் சாமையும் கேழ்வரகும் வயலிலிருந்தும் சீட்டிலிருந்தும் மெல்ல நழுவின. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிலோ அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், 'கரடு தானியத்துக்கு' 1 ரூபாய் என விலை வகுத்தது. இந்தியில் அதற்கு 'மோட்டா அனாஜ்', தடித்த தானியம், என்று பெயர். மொழிபெயர்ப்புப் பணியில் இச்சொல் என் மேசைக்கு வந்தபோது, 'புன்செய்த் தானியம்' என்று எழுதினேன். மூலத்தை ஒட்டியில்லை என்று அது திருத்தப்பெற்றுக் 'கரடு' மீண்டும் ஏறியது. 2018 ஏப்ரலில் அரசிதழே அவற்றுக்குச் 'சத்துத் தானியம்' என்று பெயர் சூட்டியது. 2023 வரவு செலவுத் திட்ட உரையிலோ அவை 'ஸ்ரீ அன்னம்' ஆயின. இப்பொழுது அவை அழகிய பொட்டலத்தில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. சுசுருதர் செல்வனுக்கு விதித்தது பலித்துவிட்டது.

அதே ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடி என மதிப்பிட்டது. அவர்களை நோக்கியே இன்று கடைகளில் 'சர்க்கரை சேர்க்காத' பிஸ்கத்துகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கரை இல்லைதான், மைதா இருக்கிறது. பொட்டலத்தின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்து அட்டவணையில் மொத்த மாவுப்பொருள் எவ்வளவு என்று பார்ப்பவரே பணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

எங்கள் சீட்டில் அரிசி மீண்டும் ஏறியது: புழுங்கல், முன்னிருந்ததில் பாதி. துவரையும் பயறும் இரட்டித்தன. கொள்ளுக்காகத் தமிழ்க் கடையைத் தேடி அலைந்தேன். பிறகுதான் தெரிந்தது, கடுவாலிகள் அதனைக் 'கஹத்' என்று கூறித் தெருமுனையிலேயே வாங்குகிறார்கள். கேழ்வரகு அவர்களுக்கு 'மண்டுவா', மராட்டியத்தில் 'நாச்ணி'. ஒருநாள் 'ஜங்கோரா' என்றொரு பொட்டலத்தை வாங்கி வந்தேன். தந்தையார் ஒரு பிடியைக் கையிலெடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்து, "இது குதிரைவாலி அல்லவா? இது எப்படியப்பா இங்கே வந்தது?" என்றார்.