ஹெட் இல்லாத எஞ்சின் ஆவடிக்கு வந்த வழி

ஆவடிக்காரர்களுக்கு அது ‘டேங்க் ஃபேக்டரி’. பலகையில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று இருக்கும். 1965இல் அங்கே உருவான விஜயந்தா டாங்கியின் பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. அதன் எஞ்சினுக்கு சிலிண்டர் ஹெட்டே கிடையாது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. வால்வும் கிடையாது. ஒரே சிலிண்டருக்குள் முனைக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் புறப்பட்டு நடுவில் நெருங்கும். இடையில் நசுங்கிக் கொதிக்கும் காற்றில் டீசல் பீய்ச்சியதும் எரிந்து, இரண்டையும் எதிரெதிரே விரட்டும். காற்று வருவதும் புகை போவதும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் வழியே.

1892இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் ஓக்கெல்ஹாய்சரும் ஹூகோ யூங்கர்ஸும் இந்த ஏற்பாட்டை வாயு எஞ்சின் ஒன்றில் ஓட்டிக் காட்டினார்கள். 1907இல் ரஷ்யாவின் கொலோம்னாவைச் சேர்ந்த கொரேய்வோ என்ற பொறியாளர் அதையே டீசலுக்கு மாற்றி, பிரான்சில் காப்புரிமை வாங்கினார். யூங்கர்ஸ் விடுவாரா? அவர் நிறுவனம் அதை ஆகாயத்திலேயே ஏற்றியது. யூமோ 205 என்ற அந்த விமான எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். ஹெட் வழியாக வெப்பம் வீணாகாததால் எரிபொருள் மிச்சம். அட்லாண்டிக்கைக் கடந்த தபால் விமானங்களுக்கு அதுதானே வேண்டும்! பாவம் யூங்கர்ஸ், 1933இல் நாஜிகள் நிறுவனத்தையே அவரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தின் நேப்பியர் நிறுவனம் யூங்கர்ஸிடம் லைசென்ஸ் வாங்கியது, விமானத்தில் எடுபடவில்லை. போருக்குப் பின் கடற்படைக்காக அதே நிறுவனம் சிலிண்டர்களை முக்கோணமாக அடுக்கி, மூலைக்கு ஒரு கிராங்க் ஷாஃப்ட் வைக்கப் பார்த்தது. பிஸ்டன்களின் தாளம் ஒத்துவரவில்லை. ஹெர்பர்ட் பென்வார்டன் என்ற கடற்படை வரைவாளர், ஒரு ஷாஃப்ட்டை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிடச் சொன்னார். தீர்ந்தது சிக்கல். டெல்டிக் என்ற அந்த எஞ்சின் பிறகு ரயிலும் இழுத்தது.

1957இல் நேட்டோவுக்கு ஓர் ஆசை வந்தது: டாங்கி என்றால் பெட்ரோலோ டீசலோ, கையில் கிடைத்ததை ஊற்றி ஓட்ட முடிய வேண்டும். யூமோவின் வழியில் லேலண்ட் நிறுவனம் எல்-60 எஞ்சினைச் செய்தது, பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிக்காக. விக்கர்ஸ் அதையே தன் ஏற்றுமதி டாங்கியில் பொருத்தியது. அந்த டாங்கியைத்தான் இந்தியா 1961 ஒப்பந்தப்படி விஜயந்தா ஆக்கியது. நாம் நேட்டோவில் இல்லை. நேட்டோவின் ஆசை மட்டும் ஆவடியில் வந்து இறங்கியது.

ஆசை நல்லதுதான், எஞ்சின் படுத்தியது. சீஃப்டனில் லைனர் சீல் கசிந்தது, கூலன்ட் ஒழுகியது, புகை மண்டியது. எல்லா எண்ணெயையும் குடிக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் பாதி நோய்க்குக் காரணம் என்பது என் கணிப்பு. விஜயந்தாவில் இந்த எஞ்சினை 535 குதிரைத்திறனுக்கு அடக்கி வைத்தார்கள்.

சோவியத்தும் இதே வழியில் போனது. கார்கிவ் நகரில் சிலிண்டர்களைப் படுக்கவைத்து, டி-64 டாங்கிக்காக ஓர் எஞ்சின் செய்தார்கள். அதன் வாரிசு 6டிடி, 1990களில் உக்ரைன் விற்ற டி-80யூடி டாங்கிகளுக்குள் இருந்தபடியே பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தது. பதிலடியாக இந்தியா வாங்கிய டி-90 இன்று ஆவடியில் தயாராகிறது, ஹெட்டும் வால்வும் உள்ள வழக்கமான வி-12 எஞ்சினோடு. ஆவடி கைகழுவிய வடிவம், எல்லைக்கு அப்பால் அல்-காலித் டாங்கிக்குள் உறுமுகிறது.

எதிர்காலம்? சான் டியாகோவில் 2004இல் தொடங்கிய அகேட்ஸ் பவர் நிறுவனம், பழைய புகைத் தொல்லையைக் கணினிக் கணக்குகளால் அடக்கப் புறப்பட்டது. கம்மின்ஸோடு சேர்ந்து அமெரிக்க ராணுவத்தின் கவச வாகனங்களுக்காக நான்கு சிலிண்டரில் 1000 குதிரைத்திறன் எஞ்சினை உருவாக்கியது. கலிஃபோர்னியாவில் சரக்கு லாரியிலும் ஓட்டிப் பார்த்தது. மின்சாரக் கார்கள் பெருகும் காலத்தில் இது காருக்குள் நுழையும் என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பல், ஜெனரேட்டர், டாங்கி என்று சின்ன இடத்தில் பெரிய சக்தி கேட்கிற இடங்களில்தான் இதற்கு வேலை இருக்கும்.