மெலிந்த கையும் இரும்புக் குண்டும்



ஒலிம்பிக்கில் சம்மட்டி எறிதல் என்றொரு போட்டி உண்டு. கல் உடைக்கும் சம்மட்டியை எறிவார்களோ என்று எண்ண வேண்டாம். முற்காலத்தில் ஸ்காட்லாந்து முதலிய இடங்களில் அப்படித்தான் எறிந்தார்கள். இன்று பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஓர் இரும்புக் குண்டு, அதனோடு ஒரு கம்பி, கம்பி முனையில் கைப்பிடி. எல்லாம் சேர்ந்து 7.26 கிலோ. ஏழு அடி அகல வட்டத்துக்குள் நின்று, குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி, பிறகு தாமும் அதனோடு மூன்று நான்கு முறை சுழன்று கைவிட வேண்டும். 70 மீட்டர் போகக்கூடிய வீச்சில், விடும் நேரத்தில் குண்டு கைகளை இழுக்கும் விசை 250 கிலோவுக்கு மேல். வலக்கைப் பழக்கமுள்ளவருக்குக் கைப்பிடி இடக்கை விரல்களில்தான் மாட்டியிருக்கும்; வலக்கை அதன்மேல் பொத்திக்கொள்ளும்.

இடக்கையைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இன்று நான் சொல்லவந்த வீரருக்கு மெலிந்துபோனது அந்தக் கைதான்.

ஹரோல்ட் கொன்னலி 1931ஆம் ஆண்டு அமெரிக்காவில், பாஸ்டன் நகரை ஒட்டிய சாமர்வில்லில் பிறந்தார். பிரசவத்தின்போது அவருடைய இடத்தோள் நரம்புகள் சேதமடைந்தன. அந்தக் கை வலக்கையைவிடச் சில அங்குலம் குட்டையாகவே நின்றுவிட்டது, உள்ளங்கையும் சிறியது. சிறுவயதில் அதே கை பலமுறை முறிந்தது. கல்லூரியில் அவர் குண்டு எறிந்துகொண்டிருந்தார். சம்மட்டி எறியும் தோழர்களுக்கு உதவியாக, விழுந்த சம்மட்டிகளைப் பொறுக்கித் திருப்பி எறிவது வழக்கம். அவர் திருப்பி எறிந்தவை, எறிந்தவர்கள் நின்ற இடத்தையும் தாண்டிப் போய் விழுந்தனவாம்! அதன் பிறகுதான் அவரே வட்டத்துக்குள் இறங்கினார்.

இந்த இடத்தில் என் மனம் சற்று உறுத்துகிறது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது, கை கால் சற்றே கோணலான பிள்ளையிடம், "நீ கோடு போட உதவி செய்யப்பா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேனா என்பது வேறு விஷயம்.

1956இல் உலகச் சாதனை கொன்னலிக்கும் சோவியத் வீரர் மிக்காயில் கிரிவனோசொவுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. அக்டோபரில் கிரிவனோசொவ் 67.32 மீட்டர், நவம்பர் 2ஆம் தேதி கொன்னலி 68.54 மீட்டர். அதே மாதம் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். கொன்னலி வழுக்காமல் சுழல்வதற்காக பாலே நடனக் காலணி அணிந்து வந்திருந்தார். கிரிவனோசொவ் 63.03 மீட்டர் எறிந்து முன்னணியில் இருக்க, கொன்னலி 63.19 மீட்டர் எறிந்தார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 16 சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை.

அந்த மெல்பர்னிலேயே வட்டு எறிதலில் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியப் பெண் ஓல்கா ஃபிகொட்டோவாவை அவர் சந்தித்தார். அமெரிக்கரும் கம்யூனிஸ்டு நாட்டுப் பெண்ணும் மணம் முடிப்பது அக்காலத்தில் எளிய காரியமா? அந்நாட்டு அதிபர் வரை விண்ணப்பம் போனது. 1957 மார்ச்சில் பிராக் நகரில் திருமணம் நடந்தபோது, புகழ்பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர் எமில் ஜாட்டொபெக் மாப்பிள்ளைத் தோழராக நின்றார். மணமக்களைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் தெருவில் கூடினார்கள். அந்த மணவாழ்க்கை 1970களில் முறிந்தது. அதையும் சொல்லாமல் விடுவது சரியல்ல.

1960இல் சம்மட்டியை 70 மீட்டருக்கு அப்பால் எறிந்த முதல் மனிதரானார், தூரம் 70.33. ஆனால் அடுத்த மாதமே ரோம் ஒலிம்பிக்கில் எட்டாம் இடம். 1964இல் தோக்கியோவில் ஆறாம் இடம். இடையில் சாதனை மட்டும் ஏறிக்கொண்டே போய், 1965இல் 71.26 மீட்டரை எட்டியது. 1968இல் மெக்சிகோவிலும் எறிந்தார். இறுதிச் சுற்றுக்கு வரவில்லை.

பிழைப்புக்கு அவர் செய்தது ஆசிரியத் தொழில். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிற்காலத்தில், மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்பு ஒலிம்பிக் அமைப்பில் பல ஆண்டுகள் பணியாற்றினார். முதுமையிலும் இளம் சம்மட்டி வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. 2010 ஆகஸ்டு மாதம், தம் 79ஆம் வயதில் காலமானார்.