வறண்ட ஆறுகளை வாசித்தல்: செவ்வாயும் பாலாறும்

ஓர் ஆறு செத்துப்போன பின்னும் அதன் உருவம் பேசிக்கொண்டிருக்கும் என்கிற நம்பிக்கையில்தான் கோள்களின் நிலவியல் என்ற துறை நடக்கிறது. கிளை பிரியும் பள்ளத்தாக்கு, நீர்த்துளி வடிவத் திட்டு, மூலை மழுங்கிய கூழாங்கல், ஒரு பக்கம் மெல்லச் சரிந்து மறுபக்கம் சட்டென்று விழும் மணல்மேடு, இவையெல்லாம் அதற்கு எழுத்துகள். எழுதிய காற்றும் நீரும் போய்விட்டன; பிரதி கிடக்கிறது. ஆசிரியன் செத்துவிட்டானா இல்லையா என்று சிறுபத்திரிகைகளில் நாம் அடித்துக்கொண்டதற்கு வெகுமுன்பே இந்த வாசிப்பு தொடங்கிவிட்டது.

1971 நவம்பரில் மரைனர் 9 செவ்வாயை அடைந்தபோது கோள் முழுவதும் புழுதிப்புயல். 1972 தொடக்கத்தில் புழுதி அடங்கியதும் படங்களில் வந்தவை வறண்ட ஆற்றுப்படுகைகள். அதே 1972 ஜூன் 7 அன்று, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாதுமலை ஏறினால் வருகிற காவலூரில், வியாழனின் துணைக்கோளான கேனிமீட் ஒரு விண்மீனை மறைத்துக் கடப்பதை 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அது பதிவானது. ஒளி மங்கிய விதத்தை வைத்து, அங்கே மெல்லிய காற்றுமண்டலம் உண்டு என்றார்கள். (1979-இல் வாயேஜர், அந்தக் கணக்கைவிடக் காற்று மிக மிகக் குறைவு என்று காட்டியது. அது வேறு கதை.) காற்று உண்டா என்று தெரியாமல் காற்று செதுக்கிய நிலம் பற்றிப் பேச முடியாது. ஆக, நம் தோல் வட்டாரத்துக்கு மேலே உள்ள மலையிலும் இந்தத் துறையின் ஓர் அடிப்படைக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. மலைக்குக் கீழே பாலாறு.

இந்த வாசிப்புக்கு ஒரு தகராறு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாறை வரை அரித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்து, இது ஒரே பெருவெள்ளத்தின் வேலை என்று 1923-இல் சொன்னவர் ஹார்லன் பிரெட்ஸ். நிலம் மெதுவாகத்தான் மாறும் என்பது அன்றைய நிலவியலின் வேதம். 1927-இல் தலைநகரில் கூடிய பெரிய தலைகள் அவரை மடக்கினார்கள். அவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்தது? பனிக்கட்டி அணை உடைந்து ஏரி கொட்டியதுதான் என்பது பின்னால் நிலைபெற்றது. 1979-இல் பென்ரோஸ் பதக்கம் கொடுத்தபோது அவருக்கு 90 வயது தாண்டியிருந்தது. செவ்வாயின் பெருங்கால்வாய்களை விளக்க விக்டர் பேக்கர் போன்றவர்கள் எடுத்துக்கொண்டது இந்த நிலத்தைத்தான். மேலே மைசூர்ப் பக்கம் ஏரி உடைந்து 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியைச் சூறையாடிய கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பிரெட்ஸைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

காற்றின் பக்கம் பாக்னால்டு. லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. மணல் நகர்வதன் இயற்பியலை 1941-இல் நூலாக்கினார். 1975-இல் கார்ல் சேகனோடு சேர்ந்து செவ்வாய் மணல் பற்றியும் எழுதினார். பேரரசின் வண்டித்தடத்தில் பிறந்த அறிவு கோள்களுக்குப் போனதை மறந்துவிட வேண்டியதில்லை.

பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மேலே ஓடாது, மணலுக்குள் ஓடும். ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோன விவசாயிகள், கண்ணுக்குத் தெரியாத ஆற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள். 1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை முழுதாகப் பதப்படுத்திய தோலைக் கேட்டது. ஆவாரம்பட்டை பின்வாங்கியது, குரோம் பெருகியது. பச்சைத்தோலோடு வந்த உப்பும் குரோமியமும் மணலுக்குள் இறங்கின. கிணத்துத் தண்ணி கரிக்குது, தென்னை காய்க்கல என்று ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் சொன்னவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது: அது டேனரியால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? செவ்வாயில் 350 கோடி ஆண்டுக்கு முந்தைய நீருக்குப் பள்ளத்தின் வடிவமே சாட்சி. இங்கே குடத்தோடு நிற்கிற மனுஷி சாட்சியாக ஏற்கப்படவில்லை. எந்தச் சான்று அறிவாகும், எது வெறும் புகாராகவே நிற்கும் என்பதை அதிகாரம் தீர்மானிக்கிற இடம் இது.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு இந்த இடத்தைத்தான் புரட்டியது. தன் செயல் கேடற்றது என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது என்றது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. தீர்ப்பு வந்தும் கசடு நிற்கவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த வெள்ளத்தை வாசிக்க நிலவியலாளர் யாரும் தேவைப்படவில்லை.

2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் உருண்ட கூழாங்கற்கள் ஒட்டிய பாறையைக் கண்டது. கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஆழமான ஓடை என்று அதை வைத்தே சொன்னார்கள். சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பாலாற்றின் கூழாங்கல்லும் மணலும் லாரி ஏறிக் கான்கிரீட்டாகிவிட்டன. நீரைச் சேமித்ததும் அந்த மணல்தான், ஆற்றின் பதிவேடும் அதுதான்.

2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடி பேசியது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடு, கெடுத்தவர்களிடம் வசூலி, பாலாற்றை மீட்கக் குழு அமை. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். குழு என்று ஒன்று படுகையில் இறங்கினால், ஊற்றுக்கால் எந்த வளைவில் தொடங்கியது என்று காட்டத் தெரிந்தவர்கள் கரையோர ஊர்களின் கிழவர்களும் கிழவிகளும்தான். அவர்கள் கைகாட்டும் இடம் பலவற்றில் இன்று மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது.